கைரம்பமும் பக்கத்து வீட்டுச் சாவியும்

சென்ற வாரம் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபடியே அத்தியாயத்தை முடித்துவிட்டீர்களே என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். நிற்க வைத்தது நானில்லை அம்மா, டெல்லி. அந்த வரிசை அங்கேயே நிற்கட்டும். இந்த வாரம் ஒரு கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் ஒத்திப்போட்ட விஷயம்.

நவராத்திரியின் கடைசி நாள் மாலை. கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சின்னச் சங்கத்தின் கூடம். ஒன்பது படியில் பொம்மைகள். படிகளுக்குக் கீழே இரண்டு நீள மேஜைகளைப் போட்டு, உறுப்பினர்கள் மரத்திலும் அட்டையிலும் செய்த மாடல்களை வைத்திருந்தோம். நான் செய்தது லோதி தோட்டத்துப் பழைய கல்பாலம். ஏழு வளைவு. நடு வளைவு பெரியது, இரண்டு பக்கமும் போகப் போகச் சிறியது.

என் பக்கத்து வீட்டுக்காரர் நாச்சிமுத்து குனிந்து என் பாலத்தைப் பார்த்தார். பிறகு வலது கட்டைவிரலை முதல் வளைவின் உள்பக்கம் வைத்து மெல்ல மேலே கொண்டுபோனார். வளைவின் கூரான உச்சியில் விரல் நின்றது. அடுத்த வளைவு. அங்கேயும் உச்சியில் நின்றது. ஏழு வளைவு, ஏழு முறை. நிமிர்ந்து, கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டார்.

"பாலம் நல்லா வந்திருக்குதுங்கண்ணா" என்றார்.

அவ்வளவுதான். சுண்டல் வாங்கப் போய்விட்டார். நான் சுண்டல் வாங்கப் போகவில்லை.

ஓர் ஆணி, ஒரு சாவி

நாச்சிமுத்து கோயம்புத்தூர்க்காரர். நான் திருநெல்வேலி. இரண்டு பேரும் வெவ்வேறு அமைச்சகத்தில் ஒரே மாதிரி குமாஸ்தா. மாடியில் எங்கள் வீட்டுக் கதவும் அவர்கள் வீட்டுக் கதவும் எதிரும் புதிருமாக இருக்கும். நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம்.

முதல் நாள் நான் "வாரும் வே" என்று கூப்பிட்டதும் மனிதர் திகைத்துப் போனார். ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்தாராம். அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' போட்டுப் பேசுவதைக் கேட்டு, இவர் ஏதோ காரியமாக வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். பிறகு பழகிவிட்டது. என்னை 'அண்ணா' என்பார். நான் இரண்டு வயது மூத்தவன், அவ்வளவுதான்.

அவர்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவி எங்கள் வீட்டுக்கு வரும். அதற்கென்றே கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்திருந்தேன். அவர்கள் பால்கனியில் பழைய வனஸ்பதி டின்னில் ஒரு கறிவேப்பிலைச் செடி. டெல்லிக் குளிரில் கறிவேப்பிலையைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். காலையில் ஒரு சொம்பு, மேலே தெளிக்காமல் வேரில் மட்டும்.

அந்த வீட்டுப் பூட்டு லேசில் திறக்காது. மழைக்கு மரம் ஊறி, கதவு கொஞ்சம் தொங்கியிருந்தது. இடது கையால் கதவை ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். அது நாச்சிமுத்துவுக்கும் அவர் மனைவி சரஸ்வதிக்கும் எனக்கும்தான் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத பெருமைதான், இருந்தாலும் பெருமை.

இரண்டு பேருக்கு ஒரு ரம்பம்

எங்களைச் சேர்த்தது மாடல் வேலைதான். சாவ்டி பஜாரில் ஒரு இரும்புக்கடையில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஃப்ரெட்ஸா வாங்கினோம். வில் மாதிரி வளைந்த இரும்புச் சட்டம். அதன் இரண்டு முனைக்கும் நடுவே நூல் போல ஒரு பிளேடு. மெல்லிய பிளைவுட்டை எந்த வளைவிலும் அறுக்கலாம். ஒரு வாரம் அவர் வீட்டில், ஒரு வாரம் என் வீட்டில்.

ஃப்ரெட்ஸா பிடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். மேஜை விளிம்பில் ஒரு பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் நுனியில் ஒரு பிளவு வெட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பிளவுக்கு நடுவில் பிளேடு மேலும் கீழும் போகும். அறுப்பது கீழே இழுக்கும்போதுதான். அவசரப்பட்டால் பிளேடு 'டிக்' என்று ஒடியும். திருப்பத்தில் முன்னே தள்ளக் கூடாது. கை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்க, மரத்தைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும்.

இந்தத் திருப்பத்தில் நான் சுமார்தான். நாச்சிமுத்து கெட்டிக்காரர். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எனக்குப் பொறாமை புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனின் பேனாவைப் பார்த்துச் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறேன். அலுவலகத்தில் எதிர் மேஜைக்காரர் வீட்டில் கூலர் வாங்கியதும் அந்தக் கோடை முழுக்க அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. குளிர்ந்த காற்று அடிக்குமே என்ற பயம். கோமதி, என் மனைவி, "உங்களுக்கு மத்தவக நல்லாயிருந்தா காய்ச்சல் வந்துருது" என்பாள். விளையாட்டாகச் சொல்வாள். சரியாகத்தான் சொல்வாள்.

ஆனால் நாச்சிமுத்துவிடம் எனக்கு அந்தக் காய்ச்சல் பெரிதாக வந்ததில்லை. ரம்பம் ஒன்று, பிளேடு ஒன்று. அவர் கை என் கையைவிடக் கொஞ்சம் தேவலை. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி

டெல்லியில் அப்போது பெரிய விளையாட்டுப் போட்டிக்காக ஊரெங்கும் தோண்டிப் போட்டு மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சரஸ்வதியின் தம்பி அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்து இறங்கினான். அன்றைக்கே நாச்சிமுத்து என் கதவைத் தட்டினார்.

"ஏனுங்கண்ணா, ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க. மச்சினன் என்ன கொண்டாந்திருக்கறான்னு பாருங்க."

சாப்பாட்டு மேஜையில் ஒரு மெஷின். மின்சார ஃப்ரெட்ஸா. சாம்பல் பச்சை நிறம், கனமான இரும்பு அடிப்பாகம், மேலே கொக்குக் கழுத்து போல ஒரு கை. பிளேடு தானே மேலும் கீழும் ஆடும். நாம் மரத்தைத் தள்ளினால் போதும். அவர் ஒரு துண்டு பிளைவுட்டில் பென்சிலால் ஒரு மாங்காய் வரைந்து, ஸ்விட்சைத் தட்டினார். நான் ஒரு வாய் காப்பி குடித்து முடிப்பதற்குள் மாங்காய் கையில் இருந்தது. விளிம்பு சொரசொரப்பே இல்லை.

எனக்கு அதே மாங்காய்க்கு அரை மணி நேரம் ஆகும். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க இன்னொரு அரை மணி.

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி கனமாக உட்கார்ந்திருந்தது. நாச்சிமுத்து அதைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பொட்டிதானுங்கண்ணா முக்கியம், இது இல்லாம…" என்று ஆரம்பித்தார்.

எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கே ஸ்டெபிலைசர் இல்லை. டெல்லியில் வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் கோமதி ஓடிப்போய் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவாள். இங்கே ஒரு ரம்பத்துக்கு ஸ்டெபிலைசரா?

"இருக்கட்டும் வே. கடைக்குப் போகணும், நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் ஃப்ரெட்ஸாவைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்கண்ணா. எனக்கு இனி வேணுங்கறதில்லை." நல்ல மனசோடுதான் கொடுத்தார். எனக்கு அது பழைய சட்டையைக் கொடுப்பது போல இருந்தது. வாங்கி வேறோர் ஆணியில் மாட்டினேன். அன்றைக்கு ராத்திரி கோமதி பரிமாறிய ரசத்தில் உப்பில்லை என்று சண்டை போட்டேன். உப்பு இருந்தது.

அம்பாளும் மின்சாரமும்

அதற்குப் பிறகுதான் எனக்குக் கைக்கருவிகளின் மேல் பெரிய கொள்கைப் பிடிப்பு வந்தது. வாசகர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் எடுத்த கொள்கைகள் பலவும் இப்படித்தான் வந்திருக்கின்றன.

'மெஷினில் அறுத்தால் மரத்தின் உயிர் போய்விடும்' என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். 'உளியும் அரமும் கையோடு பேசும்' என்றேன். என் உளி என்னோடு ஒரு நாளும் பேசியதில்லை. கையை மட்டும் இரண்டு முறை கிழித்திருக்கிறது.

ஆடி மாதம் சங்கத்தின் கொலுக் கமிட்டி கூடியது. நானும் உறுப்பினர். மாடல் போட்டிக்கு ஒரு புதிய விதி வேண்டும் என்று எழுந்தேன். கைக்கருவிகளால் மட்டுமே செய்திருக்க வேண்டும். மின்சாரம் உதவாது. கொலு என்பது அம்பாளுக்குச் செய்வது, அதில் கையின் உழைப்பு இருக்க வேண்டும் என்று கொஞ்சம் உருக்கமாகவே பேசினேன்.

ஒரு மாமி கேட்டார்: "அப்போ சுண்டலுக்குத் தேங்காய் மிக்ஸியில அரைக்கலாமோ, கூடாதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிரசாதம் வேறு, போட்டி வேறு என்றேன். தலைவருக்கு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் போடும் இந்திப் படத்துக்கு நேரமாகிவிட்டது. "அச்சா அச்சா, எழுதிக்குங்கோ" என்று எழுந்துவிட்டார். விதி நிறைவேறியது.

திரும்பி வரும் வழியில் நாச்சிமுத்து சொன்னார்: "ரூல்னா ரூல்தானுங்கண்ணா. போட்டிக்குக் கையில பண்ணிக்கலாம். மெசினை வூட்டு வேலைக்கு வெச்சுக்கறேன். அலமாரிக்குப் பூவேலை போட்டுக் குடுன்னு சரசு கேட்டுட்டே இருக்கறா."

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விதி போட்டு மெஷினைப் போட்டியிலிருந்து விரட்டிவிட்டேன். அவர் வீட்டிலிருந்து விரட்ட முடியவில்லை. சாயங்காலம் ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் 'உர்ர்ர்' என்று கேட்கும். நான் இந்தப் பக்கம் கையால் இழுத்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் சனிக்கிழமை

ஆவணியில் நாச்சிமுத்துவின் தங்கைக்குக் கல்யாணம். மூன்று வாரம் லீவு போட்டுக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். சாவி வழக்கம்போல என் ஆணிக்கு வந்தது.

எனக்கு அப்போது பாலத்தில் சிக்கல். பாலத்துக்கு இரண்டு முகம். இரண்டு முகத்திலும் வளைவுகள் அச்சாகப் பொருந்த வேண்டும். அதற்காக இரண்டு பிளைவுட்டைச் சேர்த்துச் சின்ன ஆணி அடித்து ஒன்றாக அறுப்பது வழக்கம். கனம் கூடிவிட்டதால் பிளேடு சாய்ந்து சாய்ந்து போயிற்று. மூன்றாவது வளைவின் உச்சியில் பிளைவுட் பிளந்தது. புதிதாகப் பலகை எடுத்தேன். நான்காவதில் பிளந்தது. இன்னொரு பலகை. முதல் வளைவிலேயே பிளேடு ஒடிந்தது.

அது இரண்டாம் சனிக்கிழமை, அலுவலகம் லீவு. மத்தியானம் கோமதி கோயிலுக்குப் போயிருந்தாள். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்ற அந்த வீட்டுக்குப் போனேன். காலையிலேயே ஊற்றியாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். கையில் சொம்பு இருந்தது. கக்கத்தில் இரண்டு பிளைவுட்டும் இருந்தன.

மெஷின் மேஜையில் துணி போர்த்தி இருந்தது. துணியை எடுத்தேன். சும்மா பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கறுப்புப் பெட்டியைப் பார்த்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன், பிரகாசமாக எரிந்தது. வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது ஸ்டெபிலைசர் எதற்கு? பெட்டியை ஒதுக்கினேன். மெஷினின் பிளக்கில் தட்டையான இரண்டு பின், நம் ஊர் சாக்கெட்டில் போகாது. கண்ணாடி அலமாரியில் மச்சினன் ஷேவருக்காக வைத்திருந்த அடாப்டர் கிடந்தது. அதைப் போட்டு, நேராகச் சுவரில் செருகி, ஸ்விட்சைத் தட்டினேன்.

அப்பா! என்ன வேகம். நாச்சிமுத்து போட்டபோது 'உர்ர்' என்றது, என் கையில் 'வீஈஈ' என்று கத்தியது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். என்னிடம் வந்ததும் மெஷின்கூட நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். இரண்டு பலகையும் வெண்ணெய் மாதிரி அறுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. திருப்பங்களில் ஒரு கணம் நின்று மரத்தைத் திருப்பினேன். ஏழு வளைவும் ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்தன.

ஏழாவது முடிந்ததும் நாற்றம் வந்தது. பிறகு அடியிலிருந்து நூலாகப் புகை. பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி செருகினேன். மெஷின் அசையவில்லை.

அந்தப் பெட்டி ஸ்டெபிலைசர் இல்லை. அமெரிக்காவில் கரண்ட் நம்முடையதில் பாதிதான். நம் கரண்டைப் பாதியாகக் குறைத்து மெஷினுக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அது. அதைத்தான் அன்றைக்கு அவர் சொல்ல வந்தார். நான்தான் கடைக்குப் போக அவசரப்பட்டேன்.

எல்லாவற்றையும் இருந்தபடி வைத்தேன். மரத்தூளைத் துடைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். நாற்றம் போகவில்லை. அவர்கள் சாமி அலமாரியில் ஊதுவத்தி இருந்தது. நாலு வத்தியைச் சேர்த்துக் கொளுத்தி வைத்தேன். பிறகு தினமும் கொளுத்தினேன்.

பழைய பிளேடு

அவர்கள் வந்த அன்று கல்யாணப் பலகாரத்தோடு சரஸ்வதி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, கதவைத் தொறந்ததும் வூடே கோயிலாட்டம் மணக்குது. அண்ணா தெனமும் ஊதுவத்தி ஏத்தியிருக்கறாங்க. எங்க கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பாத்துக்க மாட்டாங்க" என்று கோமதியிடம் சொன்னாள். கோமதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எங்கள் வீட்டில் ஊதுவத்தி ஏற்றுவது அவள் வேலை.

இரண்டு நாள் கழித்து நாச்சிமுத்து வந்தார்.

"மெசின் ஓடலீங்கண்ணா. பழைய டெல்லியில ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டினேன். உள்ள சுருள் எரிஞ்சுபோச்சாமா. பொட்டி இல்லாம நேரா எரநூத்தி இருவது குடுத்தாத்தான் இப்படி ஆகுமுங்கறான். இங்க அதுக்குச் சாமானும் கெடைக்காதுன்னுட்டான்."

நான் வாயைத் திறந்தேன். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொன்னால் மெஷின் போனது மட்டுமா? விதி போட்டவன் விதியை உடைத்ததும், சொம்போடு போய்த் திருட்டுத்தனம் பண்ணியதும் எல்லாம் சேர்ந்து வெளியே வரும். அந்தச் சாவி போய்விடும். எனக்கு அதுதான் பயம்.

அதற்குள் அவரே சொன்னார்: "ஊருக்குக் கெளம்பற அவசரத்துல நானேதான் மறந்துபோட்டுக் குடுத்திருப்பேனாட்டம் இருக்குது."

"அமெரிக்காச் சாமானே இப்படித்தாம் வே. பகட்டுதான், உழைக்காது" என்றேன்.

இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

அவர் ஃப்ரெட்ஸா கேட்டார். போட்டிக்கு ஜந்தர் மந்தர், அதுதான் பழைய ராஜா நட்சத்திரம் பார்க்கக் கட்டிய இடம், செய்யப் போகிறாராம். அந்த வட்டச் சுவர்களில் அடுக்கடுக்காகச் சன்னல். ஒவ்வொரு சன்னலுக்கும் கைத் துறப்பணத்தால் ஓட்டை போட்டு, பிளேடைக் கழற்றி, ஓட்டைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். என்னிடம் புதுப் பிளேடுகள் ஒரு கட்டு இருந்தன. எடுத்துக் கொடுத்திருக்கலாம். முனை மழுங்கிய பழைய பிளேடு ஒன்றை மாட்டிக் கொடுத்தேன்.

போட்டிக்கு முந்திய மூன்று வாரமும் சுவருக்கு அந்தப் பக்கம் 'கர்ர்… கர்ர்…' என்று கேட்டது. ஒரே சீராக, அவசரமில்லாமல். 'டிக்' என்ற சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தப் பழைய பிளேடு அவர் கையில் ஒடியவே இல்லை. மெஷின் இருந்தபோது மெஷினைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்டு எரிந்தது.

என் வளைவுகளை என்ன செய்வது என்று யோசித்தேன். தூக்கிப் போட்டிருக்கலாம், மனசு வரவில்லை. அப்படி ஒரு வளைவு என் கையில் வந்ததே இல்லை. உச்சிகள் மட்டும் பழுப்பாகக் கருகியிருந்தன. அதிவேகமாக ஓடிய பிளேடு, திருப்பத்தில் நின்ற ஒரு கணத்தில் மரத்தைச் சுட்டிருக்கிறது. ஊசி அரத்தால் தேய்த்தால் கறை போகும், கூர்மையும் மழுங்கும். கூர்மைதான் அழகு. வெளியே கல் நிறம் பூசினேன். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

முதல் பரிசு

நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு என்ஜினியர். மேஜை மேஜையாக நடந்தார். ஜந்தர் மந்தர் முன் வெகுநேரம் நின்றார். பிறகு என் பாலத்துக்கு வந்தார்.

முதல் பரிசு எனக்கு. இரண்டாம் பரிசு நாச்சிமுத்துவுக்கு.

என்ஜினியர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "இந்த வளைவுகளைப் பாருங்கள். இரண்டு முகமும் மயிரிழை பிசகவில்லை. மெஷினில்கூட இப்படி வராது. மனிதக் கை என்றால் இதுதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் நாச்சிமுத்து. எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சந்தோஷம் வரவில்லை. அந்த மனிதர் புகழ்ந்தது என்னை இல்லை, செத்துப்போன அந்த மெஷினை. பரிசு மேடையில் நின்றுகொண்டு ஒரு மெஷினைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் அந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

மேடையிலிருந்து இறங்கி மேஜைப் பக்கம் போனேன். அப்போதுதான் நாச்சிமுத்து குனிந்து, என் பாலத்தின் முதல் வளைவில் கட்டைவிரலை வைத்தார்.

கையால் அறுத்தால் மரம் கருகாது. அது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். உச்சியில் கருகல் இருந்தால் வேகமாக ஓடும் பிளேடு அங்கே நின்றிருக்கிறது என்று அர்த்தம். ஏழு உச்சியிலும் அவர் விரல் நின்றது. பழைய டெல்லி மெக்கானிக் சொன்னதும், வீடெல்லாம் மணத்த ஊதுவத்தியும் அந்த ஏழு நிறுத்தத்தில் அவருக்குள் ஒன்று சேர்ந்திருக்கும்.

பாலம் நல்லா வந்திருக்குதுங்கண்ணா.

கறிவேப்பிலைக்கு எவ்வளவு தண்ணீர்?

அதற்குப் பிறகு எதுவும் மாறவில்லை. அதே 'அண்ணா', அதே 'ங்க'. தீபாவளிக்குப் பலகாரம் வந்தது. குளிரில் இரண்டு பேரும் மொட்டை மாடியில் வெயில் காய்ந்தோம். மெஷினைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஃப்ரெட்ஸாவை எண்ணெய் போட்டுத் துடைத்து, புதுப் பிளேடு மாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அவருக்குத் தெரியாதோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விரல் சும்மா நின்றிருக்கும், நான்தான் மருகுகிறேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த கோடையில் பள்ளிக்கூடம் மூடியதும் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். அன்று காலை நான் கதவைத் திறந்து வைத்து, பேப்பரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் கோமதி ஏதோ பையை மாட்டியிருந்தாள். அதை எடுத்துவிட்டு ஆணியைக் காலியாக வைத்தேன்.

பெட்டிகள் இறங்கின. நாச்சிமுத்து கதவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துப் பூட்டினார். திரும்பி, "போயிட்டு வர்றமுங்கண்ணா" என்றார்.

"போயிட்டு வாரும் வே" என்று எழுந்து நின்றேன். என் வலது கை கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தது. எனக்கே தெரியாமல் நீண்டிருந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மாடிப்படி இறங்கினார். கீழ்வீட்டில் இருந்த பஞ்சாபி அம்மாளின் கதவை அவர் தட்டுவது கேட்டது. "பாபிஜி" என்றார். சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை அந்த அம்மாள் மூச்சு வாங்க மாடியேறி வந்து என் கதவைத் தட்டினாள்.

"பாயி சாஹப், உஸ் கடி பத்தே கோ கித்னா பானி தேனா ஹை? ஆப்கோ தோ மாலூம் ஹோகா."

கறிவேப்பிலைக்கு எவ்வளவு தண்ணீர் என்று என்னிடம் கேட்கிறாள். எனக்குத் தெரியுமாம்.

"ஏக் லோட்டா. சுபஹ்" என்றேன். காலையில் ஒரு சொம்பு. வேரில் மட்டும் என்பதைச் சொல்லவில்லை.

அவள் எதிர்க் கதவுக்குப் போய்ச் சாவியைப் போட்டாள். திருப்பினாள். திறக்கவில்லை. எடுத்து, மறுபடி போட்டுத் திருப்பினாள். பஞ்சாபியில் என்னவோ முணுமுணுத்தாள். ஒருநாளும் இல்லாத பொறாமை எனக்கு அந்த அம்மாள் மேல் வந்தது. அவளுக்குக் கதவைத் தூக்கத் தெரியாது. ஆனால் சாவி அவள் கையில் இருந்தது.

கோமதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பாவம், எவ்வளவு நேரமாத் திருகிட்டு நிக்கா. உங்களுக்குத்தான் அந்தப் பூட்டு தெரியும்லா. போயிச் சொல்லிக் குடுத்துட்டு வாங்களேன்."

அதையும் சொல்லிக் கொடுத்துவிட்டால், அந்த வீட்டில் எனக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது?

சாவி திரும்பிக்கொண்டே இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.